இஞ்சி: ஒரு சொல் போன வழி

ஆங்கிலத்தின் 'ஜிஞ்சர்' நம்முடைய 'இஞ்சிவேர்' என்பதன் திரிபு. முசிறியில் கப்பலேறிய மூட்டையோடு சொல்லும் ஏறிப் போனது. மேடைகளில் இப்படி அடிக்கடி கேட்கிறோம். இந்தச் செய்தியில் உண்மை உண்டு, ஆனால் வழி பிசகியிருக்கிறது. இந்தச் சொல்லின் பிறப்பிடம் தென்னாடு என்பதை மொழியியலாரில் பெரும்பாலோர் ஏற்கிறார்கள். கிரேக்கத்துக்கு அது நேரே போகவில்லை. முதலில் பிராகிருத மொழிகளுக்குள் புகுந்தது. அங்கிருந்துதான் மேற்கே சென்றது. அந்த வழியைப் படிப்படியாகப் பின்தொடர்ந்தால் மேடைச் செய்தியைவிட வியப்பான ஒன்று தெரியவரும்: தமிழ் என்றோ உதிர்த்துவிட்ட ஒரு முதலொலியின் தடத்தைப் பாலியும் கிரேக்கமும் அரபும் இன்றுவரை காத்து வைத்திருக்கின்றன.

இது ஆய்வாளர்கள் நீண்ட காலமாகத் துருவிய சொல். ஆங்கில மொழியியலாளர் ஆலன் எஸ். சி. ராஸ் இந்த ஒரே கடன்சொல்லைப் பற்றி 1952-இல் தனி நூலே வெளியிட்டார். பரோவும் எமனோவும் தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதியில் 'இஞ்சி' இடம் பெற்றிருக்கிறது. திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை எழுதிய பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி, இதன் பழைய வடிவத்தைச் 'சிங்கிவேர்' என்று மீட்டுருவாக்குகிறார். இந்தக் கட்டுரையின் மையம் அந்த வடிவம்தான்.

பாலியில் ஒரு மருந்துப் பட்டியல்

பௌத்தத் துறவிகளின் ஒழுக்க நூலான விநய பிடகத்தின் மகாவக்கத்தில், நோயுற்ற பிக்குகள் எந்தெந்த மருந்துகளை வைத்துக்கொள்ளலாம் என்று கூறும் பகுதி ஒன்று உண்டு. அங்கே வேர் மருந்துகளின் பட்டியல் வருகிறது. மஞ்சள், இஞ்சி, வசம்பு, அதிவிடயம், கடுகுரோகிணி, வெட்டிவேர், கோரைக்கிழங்கு எல்லாம் அதில் உள்ளன. இன்றைக்கும் எந்த ஊர் நாட்டுமருந்துக் கடையிலும் இவற்றை ஒரே சீட்டில் எழுதிக் கொடுத்து வாங்கிவிடலாம். அந்தப் பட்டியலில் இஞ்சிக்கு உள்ள பெயர் 'சிங்கிவேர'. வாய்மொழியாக வழங்கிவந்த இந்த நூல்கள் கி.மு. முதல் நூற்றாண்டில் இலங்கையில் ஏட்டில் ஏறின.

'சிங்கிவேர' என்பதன் பின்பாதி தமிழருக்கு விளக்கம் வேண்டாதது. வேர் என்ற சொல் தமிழிலும் மலையாளத்திலும் அன்றாட வழக்கு. மரம் செடி எல்லாவற்றுக்கும் பொதுவான அந்தச் சொல், பாலியில் இஞ்சியின் பெயருக்குள் பிரிக்க முடியாதபடி ஒட்டிக்கொண்டது. கடன் வாங்கியவருக்கு அது இரண்டு சொல் என்று தெரியாது. முழுவதையும் ஒரே பெயராக எடுத்துக்கொண்டார்.

சமஸ்கிருதம் இதையே 'சிருங்கவேர' என்று எழுதியது. சிருங்கம் என்றால் கொம்பு. வேர என்பதற்கு உடல் என்று நிகண்டுகள் பொருள் தந்தன. ஆக, கொம்பு போன்ற உடல் உடையது இஞ்சி என்று விளக்கம் பிறந்தது. பச்சை இஞ்சியைக் கையில் எடுத்துப் பார்த்தால் கிளை விட்ட மான்கொம்பு நினைவுக்கு வரும். ஆகவே இந்த விளக்கம் நிலைத்துவிட்டது. புரியாத சொல்லுக்குத் தன் மொழியில் தெரிந்த சொல்லைக் கொண்டு பொருள் சமைப்பது எல்லா மொழியிலும் நடப்பதுதான். இங்கே சமைத்த பொருளோடு வடிவமும் மாறியது: 'சிங்கி' என்ற எளிய ஒலிக்கு மேல் 'சிருங்க' என்ற செம்மை வடிவம் பூசப்பட்டது. இப்படிப் பார்த்தால் மூலத்துக்கு அருகில் நிற்பது சமஸ்கிருத வடிவம் அல்ல, பாலி வடிவமே.

இராமாயணத்தில் குகனின் ஊர் சிருங்கவேரபுரம். கம்பர் அதைச் சிருங்கிபேரம் என்கிறார். இன்றைய உத்தரப் பிரதேசத்தில், பிரயாக்ராஜுக்கு அருகே கங்கைக் கரையில் அந்த ஊர் சிங்ரௌர் என்ற பெயரோடும் இருக்கிறது. இஞ்சியின் பெயரும் அந்த ஊரின் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றே.

தமிழ் உதிர்த்த சகரம்

சிங்கி எப்படி இஞ்சி ஆயிற்று? தென்திராவிட மொழிகளில், அவற்றுள்ளும் தமிழில், சொல்லின் முதலில் நின்ற சகரம் பல சொற்களில் மறைந்திருக்கிறது. இதற்குச் சான்று தேட வெளியே போக வேண்டியதில்லை. சிறகு, இறகு இரண்டும் தமிழிலேயே வழங்குகின்றன. சிப்பிக்கு இப்பி என்ற வடிவம் உண்டு. சமணரைப் பழைய நூல்கள் அமணர் என்றும் சொல்கின்றன. கன்னடர் 'சாவிர' என்பதை நாம் ஆயிரம் என்கிறோம். நாம் உப்பு என்பதை மத்திய இந்தியாவின் கோலாமி மொழியினர் 'சுப்' என்கிறார்கள். ஆறு என்ற எண்ணுக்குக் கோண்டி மொழியில் 'சாருங்' என்று பெயர். இவை தனித்தனி விபத்துகள் அல்ல. ஓர் ஒலி, ஒரே இடத்தில், ஒரே திசையில் நகர்ந்திருக்கிறது.

இந்த வரிசையில் 'சிங்கி'யை வைத்தால் அதன் முதற் சகரம் உதிர்கிறது. இகரத்தின் அருகில் நின்ற 'ங்க' அண்ண ஒலியான 'ஞ்ச' ஆகிறது. கிடைப்பது இஞ்சி. மலையாளத்திலும் இதே வடிவம்தான். பழந்தமிழில் இஞ்சிக்கு மதில் என்ற பொருளும் உண்டு. அகராதிகள் அதைத் தனிச் சொல்லாகத் தருகின்றன. நாம் பேசுவது கிழங்கைப் பற்றி மட்டும்.

இந்த மாற்றம் எப்போது நிகழ்ந்தது என்பது முக்கியம். மதுரைக்காஞ்சியிலும் பட்டினப்பாலையிலும் இந்தக் கிழங்கின் பெயர் வருகிறது. இரண்டிலும் அது இஞ்சிதான். சகரம் ஏற்கெனவே போய்விட்டது. ஏறத்தாழ அதே காலத்தில்தான் ரோமானியப் பேரரசு தென்னிந்தியாவோடு மும்முரமாக வணிகம் செய்தது. கிரேக்க மாலுமி ஒருவர் மலையாளக் கரையில் இறங்கி, தமிழ் வணிகரின் வாயிலிருந்து நேரே இந்தப் பெயரைக் கேட்டிருந்தால், அவர் காதில் விழுந்திருக்கக்கூடியது இஞ்சி. அவர் ஊருக்குக் கொண்டுபோன பெயரோ 'ஸிங்கிபெரிஸ்'. முதலில் ஸகரம் இருக்கிறது. நடுவில் 'ஞ்ச' இல்லை, 'ங்க' இருக்கிறது. கடைசியில் 'வேர' ஒட்டியிருக்கிறது. மூன்றும் பாலி, பிராகிருத வடிவத்தின் அடையாளங்கள்.

தமிழ் வணிகர் செங்கடல் வரை போகவில்லை என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. எகிப்தின் குசைர் அல்-கதீம் துறைமுகத்தில் தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் கிடைத்தன. அதே இடத்தில் பிராகிருத எழுத்தும் கிடைத்தது. ஆட்கள் போனதற்குச் சான்று வேறு, ஒரு குறிப்பிட்ட சொல் எந்த வாய்வழிப் போனது என்பதற்குச் சான்று வேறு. பின்னதைச் சொல்லின் உடலில்தான் தேட வேண்டும்.

ஆறு தினாரியஸ்

முதல் நூற்றாண்டில் அனசார்பஸ் நகரத்து மருத்துவர் தியோஸ்கோரிதஸ் தம் மருந்து நூலில் ஸிங்கிபெரிஸைச் சேர்த்தார். அதே நூற்றாண்டில் ரோமானியர் பிளினி தம் இயற்கை வரலாற்றின் 12-ஆம் நூலில் இதைப் பற்றி எழுதினார். 'ஸிங்கிபெரி', 'ஸிம்பிபெரி' என்று இரண்டு பெயர்களைத் தருகிறார். அந்நியச் சொல் இன்னும் ரோமர் நாவில் படியாத நிலை அதில் தெரிகிறது. மிளகுச் செடியின் வேர்தான் இஞ்சி என்று சிலர் நினைப்பது தவறு என்று திருத்துகிறார். விலையும் சொல்கிறார்: ரோமானிய ராத்தல் ஒன்றுக்கு இஞ்சி 6 தினாரியஸ், கருமிளகு 4, வெண்மிளகு 7, திப்பிலி 15. கருமிளகைவிட இஞ்சிக்கு விலை கூட.

ஆனால் அவர் ஒரு பிழை செய்தார். இஞ்சி அரேபியாவிலும் செங்கடலின் ஆப்பிரிக்கக் கரையிலும் விளைகிறது என்று எழுதினார். தியோஸ்கோரிதஸ் சொன்னதும் அதே. சரக்கு எந்தத் துறையில் கைமாறியதோ அந்த இடத்தையே அவர்கள் விளைநிலமாக எடுத்துக்கொண்டார்கள். பண்டத்தின் பிறப்பிடத்தில் அவர்கள் செய்த பிழையைத்தான் சொல்லின் பிறப்பிடம் தேடுகிறவர்களும் செய்யக்கூடும்: கடைசியாகக் கைமாறிய இடத்தையோ, காதுக்குப் பழகிய இடத்தையோ பிறப்பிடம் என்று முடிவு கட்டிவிடுவது.

பிளினி மறுத்த கருத்து வேறொரு வகையில் உயிரோடு இருக்கிறது. இன்றைய கிரேக்கத்தில் இஞ்சிக்கு 'பிபெரோரிஸா' என்ற பெயர் உண்டு. அதன் பொருள் மிளகுவேர்.

பாரசீகம், அரபு, ஆப்பிரிக்கா

மேற்காசியாவில் இந்தச் சொல் வேறு கிளையாகப் படர்ந்தது. நடுக்காலப் பாரசீகத்திலும் அரமேய மொழிகளிலும் அது நுழைந்தது. யூதர்களின் தால்முதில் 'ஸங்க்விலா' என்று வருகிறது. இன்றைய ஹீப்ரு 'ஸங்க்வில்' என்கிறது. அரபில் அது 'ஸஞ்சபீல்' ஆயிற்று. கடைசியில் நின்ற ரகரம் லகரமானது இந்தக் கிளையின் அடையாளம்.

ஸஞ்சபீல் திருக்குர்ஆனில் இடம்பெற்ற சொல். 76-ஆம் அத்தியாயத்தின் 17-ஆம் வசனம், சொர்க்கவாசிகளுக்கு இஞ்சி கலந்த பானம் தரப்படுவதைச் சொல்கிறது. குர்ஆனில் உள்ள பிறமொழிச் சொற்களைத் தொகுத்த அறிஞர் சுயூத்தி, ஸஞ்சபீலைப் பாரசீக வழி வந்த சொல்லாகக் குறித்தார். அரபு அறிஞர்கள் தம் மறைநூலின் சொல்லையே இப்படித் திறந்த மனத்தோடு ஆராய்ந்தார்கள் என்பது நாம் மதித்துக் கற்க வேண்டிய மரபு.

அரபிலிருந்து துருக்கிக்குப் போய் 'ஸென்ஜெஃபில்' ஆயிற்று. எத்தியோப்பியாவின் அம்ஹாரிக்கிலும் அதே குடும்பத்துச் சொல்தான் வழங்குகிறது. கிழக்கு ஆப்பிரிக்காவின் சுவாஹிலியில் 'தங்காவிஸி'. பாரசீக வழியாக இந்தியாவுக்குத் திரும்பியும் வந்தது: யுனானி மருத்துவர்கள் சுக்கை ஸஞ்சபீல் என்றே எழுதுகிறார்கள்.

இதற்கிடையே வட இந்திய மொழிகளில் பழைய 'சிங்கிவேர' மறைந்துவிட்டது. இந்தியில் 'அதரக்', வங்காளியில் 'ஆதா'. இவை சமஸ்கிருதத்தின் 'ஆர்த்ரக' என்பதன் வழிவந்தவை. ஈரமானது என்று பொருள். காய்ந்ததற்குச் 'சுண்டி' வழிவந்த 'ஸோண்ட்'. பச்சையை இஞ்சி என்றும் காய்ந்ததைச் சுக்கு என்றும் நாம் பிரிப்பதைப் போலவே அவர்களும் பிரித்தார்கள்.

இந்திய ஆரியக் கிளையில் பழைய சொல்லைக் காப்பாற்றியது சிங்களம். அங்கே இஞ்சிக்கு 'இங்குரு'. மாலத்தீவிலும் 'இங்குரு'. சிங்களத்திலும் முதற் சகரம் இல்லை. இது தமிழிடமிருந்து வாங்கியதால் அல்ல. பழஞ்சிங்களத்தில் ஸகரம் ஹகரமாகிப் பிறகு பல சொற்களில் மறைந்தும் போனது. சூரியன் என்ற சொல் 'ஹிரு' ஆகி 'இர' ஆனதும் அந்த விதியால்தான். 'ங்கு' அப்படியே நிற்பதும், வேரின் ரகரம் கடைசியில் ஒட்டியிருப்பதும் அது பாலி, பிராகிருத வழி வந்ததைக் காட்டுகின்றன. யாழ்ப்பாணத்து இஞ்சியும் கொழும்பின் இங்குருவும் ஒரே மூலத்திலிருந்து தனித்தனிப் பாதையில் நடந்து, ஒரே தீவில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன.

ஐரோப்பாவின் கிளைகள்

இலத்தீனின் 'ஸிங்கிபெர்' பிற்கால வழக்கில் 'ஜிஞ்ஜிபெர்' ஆயிற்று. அதிலிருந்து ஸ்பானியத்தின் 'ஹென்ஹிப்ரே', போர்த்துகீசியத்தின் 'ஜெஞ்ஜிப்ரே', பிரெஞ்சின் 'ஜாஞ்ஜாம்ப்ர்', இத்தாலியின் 'ஜென்ஜெரோ' எல்லாம் வந்தன. பழைய ஆங்கிலத்தில் 'கிங்கிஃபெர்' என்று மருத்துவ நூல்களில் இருந்தது. பிரெஞ்சின் பாதிப்பால் அது 'ஜிஞ்சர்' என்று திருந்தியது. இந்த 'ஞ்ஜ'வைக் கேட்டு நம் 'ஞ்சி'யை நினைப்பது இயல்பு. ஆனால் இது இலத்தீன் வழிமொழிகளுக்குள் பல நூற்றாண்டுகள் பின்னால் நிகழ்ந்த மாற்றம். இஞ்சியின் ஞகரத்துக்கும் ஜிஞ்சரின் ஞகரத்துக்கும் உறவில்லை.

இதைவிட ஏமாற்றும் சொல் ஜெர்மனில் இருக்கிறது. அவர்கள் இஞ்சியை 'இங்வெர்' என்கிறார்கள். சுவீடனில் 'இங்கெஃபேரா', பின்லாந்தில் 'இன்கிவாரி'. எழுதிப் பார்த்தால் இஞ்சிவேர் கண்முன் வந்து நிற்கும். ஆனால் ஜெர்மனின் பழைய ஏடுகள் வேறு கதை சொல்கின்றன: தொன்மையான வடிவம் 'கிங்கிபெரோ', பின்னர் 'இங்கெவெர்', அதன் பின் 'இங்வெர்'. முதல் மெய்யெழுத்து ஜெர்மானியரின் வாயில், நடுக்காலத்தில் உதிர்ந்தது. தமிழில் அது உதிர்ந்து ஆயிரம் ஆண்டுகளாவது கடந்திருந்தது. இரண்டு மொழிகள் ஒன்றையொன்று அறியாமல் ஒரே இடத்தை வந்தடைந்தன. ஜெர்மனிலிருந்து போலந்துக்குப் போய் 'இம்பிர்', ரஷ்யாவுக்குப் போய் 'இம்பீர்' ஆனது. பழைய ஏடுகளைப் பார்க்காமல் இன்றைய வடிவங்களை மட்டும் அருகருகே வைப்பவர் இங்வெரைத் தமிழின் நேர்வாரிசு என்றே சொல்வார்.

சிருங்கத்தில் நடந்தது ஆங்கிலத்திலும் நடந்தது. பாகிலிட்ட இஞ்சிக்குப் பழைய பிரெஞ்சில் 'ஜிஞ்ஜெம்ப்ராஸ்' என்று பெயர். அதன் கடைசி அசையை ஆங்கிலேயர் ரொட்டியைக் குறிக்கும் 'பிரெட்' என்று கேட்டுக்கொண்டார்கள். ஜிஞ்சர்பிரெட் என்ற சொல் அப்படிப் பிறந்தது. பண்டமும் பிறகு பெயருக்கு ஏற்ப மாறியது.

நடுக்கால வணிகத்தில் இஞ்சியோடு தென்னாட்டு ஊர்ப்பெயர் ஒன்றும் ஐரோப்பா போனது. ஃபிளாரன்ஸ் நகரத்து வணிகர் பெகலொட்டி 1340-ஐ ஒட்டி எழுதிய வணிகக் கையேட்டில் மூன்று வகை இஞ்சி வருகிறது: பெல்லெதி, கொலொம்பினோ, மிக்கினோ. பெல்லெதி என்பது அரபின் 'பலதி', அதாவது நாட்டு இஞ்சி. மிக்கினோ மெக்கா வழி வந்தது. கொலொம்பினோ கொல்லத்து இஞ்சி. மார்க்கோ போலோவும் கொல்லத்தில் விளையும் இஞ்சி அந்த ஊர்ப்பெயராலேயே அழைக்கப்படுவதாகக் குறித்திருக்கிறார். சொல் போன வழியில் பிராகிருதத்தின் முத்திரை இருந்தாலும், சரக்கு மலையாளக் கரையிலிருந்தே போய்க்கொண்டிருந்தது.

கிழக்கே திரும்பிப் பார்த்தால்

சொல்லுக்குத் தென்னாடு தாய்வீடு என்றால், செடிக்கும் அதுவேயா? தாவரவியல் அப்படிச் சொல்லவில்லை. இஞ்சி இன்று எங்கும் காட்டுச் செடியாக இல்லை. விதையால் பெருகாமல், கிழங்கை வெட்டி நட்டே பல ஆயிரம் ஆண்டுகளாக மனிதன் பெருக்கிவந்த பயிர் அது. தென்கிழக்காசியத் தீவுப் பகுதியில் அது பயிரானது என்பதே பரவலான கருத்து. அங்கிருந்த ஆஸ்திரனேசியக் கடலோடிகள் தங்கள் படகுகளில் அதைப் பசிபிக் தீவுகளுக்கும் கொண்டுசென்றார்கள். மலாயில் அதன் பெயர் 'ஹாலியா', பிலிப்பீன்ஸின் தகாலோகில் 'லூயா'. இரண்டும் ஒரே குடும்பம். கோலாலம்பூர்த் தமிழர் ஒட்டுக்கடையில் கேட்டு வாங்கும் 'தே ஹாலியா'வில் இருப்பது அந்தப் பழைய கடலோடிகளின் சொல்.

ஆசிய நிலப்பரப்பில் வேறொரு தொடர் உண்டு. சீனத்தில் 'ஜியாங்', அதன் பழைய ஒலிப்பு ககரத்தில் தொடங்கியது. தாய்லாந்தில் 'கிங்', மேகாலயாவின் காசி மொழியில் 'சியிங்'. கன்பூசியஸ் உணவில் இஞ்சியை ஒதுக்கியதில்லை என்று அவரது உரைத்தொகுப்பு சொல்கிறது. இந்தச் சொற்களுக்கும் நம் 'சிங்கி'க்கும் உள்ள ஒற்றுமையைக் கண்டு, கிழக்கிலிருந்து செடி வந்தபோது பெயரும் கூடவே வந்திருக்கலாம் என்று பிராங்க்ளின் சவுத்வொர்த் போன்ற ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இது நிறுவப்பட்ட முடிவு அல்ல. ஆனால் ஒதுக்கித் தள்ளக்கூடியதும் அல்ல. அப்படியானால் சிங்கி கிழக்கிலிருந்து வந்த விருந்து. வேர் மட்டும் நம் வீட்டுச் சொல்.

இஞ்சி கடலைக் கடந்த விதம் 14-ஆம் நூற்றாண்டில் கண்ணால் பார்க்கப்பட்டிருக்கிறது. கோழிக்கோட்டில் நின்ற சீனக் கப்பல்களை வருணிக்கும் இப்னு பதூதா, மாலுமிகள் கப்பலிலேயே மரத்தொட்டிகளில் கீரையும் இஞ்சியும் வளர்ப்பதை எழுதியிருக்கிறார்.

ஆய்வகத்தில் மூன்று பெயர்கள்

1807-இல் லிவர்பூலைச் சேர்ந்த வில்லியம் ராஸ்கோ இஞ்சிக்கு இன்று வழங்கும் தாவரப் பெயரை வைத்தார்: ஸிங்கிபெர் அஃபிசினாலே. முன்பாதியில் பிராகிருதம் தந்த வடிவம் அப்படியே இருக்கிறது. பச்சை இஞ்சியின் காரத்துக்குக் காரணமான பொருள் ஜிஞ்சரால். இஞ்சி காயும்போது அதிலிருந்து நீர் மூலக்கூறு பிரிந்து ஷோகால் உண்டாகிறது. ஜப்பானியர் இஞ்சியை 'ஷோகா' என்பதால் இந்தப் பெயர். ஷோகாலின் காரம் ஜிஞ்சராலைவிட மிகுதி. சுக்கு இஞ்சியைவிட உறைப்பதற்கு அதுவும் ஒரு காரணம். சமைக்கும்போது உண்டாவது ஜிஞ்சரோன்; அதை 1917-இல் பிரித்தெடுத்துப் பெயரிட்டவர் ஜப்பானிய வேதியியலாளர் ஹிரோஷி நொமுரா. இஞ்சி, சுக்கு என்று நம் பாட்டிமார் இரண்டு பெயரால் பிரித்த வேறுபாடு வேதியியலிலும் இரண்டு பெயர்களாகவே நிற்கிறது.

தீர்ப்பு

இஞ்சி தமிழ்ச் சொல். 'சிங்கிவேர்' என்ற மூலத்தின் தென்கிளை அது. ஜிஞ்சர் அதே மூலத்தின் வடகிளையில், பாலி, கிரேக்கம், இலத்தீன், பிரெஞ்சு என்று பல கை மாறி வந்தது. இஞ்சியும் ஜிஞ்சரும் தாயும் மகளும் அல்ல. ஒரே பாட்டியின் வழிவந்த உறவினர்.

இப்படிச் சொல்வதால் தமிழுக்கு எந்தக் குறையும் இல்லை. தமிழின் ஒலி வரலாற்றை அறியாமல் இந்தச் சொல்லின் வரலாற்றை எவராலும் எழுத முடியாது என்பதே நமக்குப் பெருமை. ஆனால் அந்தப் பெருமை ஒலி ஒற்றுமையால் வருவதல்ல, சான்றால் வருவது. ஆகவே, ஏதோ ஓர் அயல்மொழிச் சொல் தமிழிலிருந்து போனது என்று கேள்விப்படும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். அந்தச் சொல்லின் மிகப் பழைய வடிவம் என்ன? அது எந்தக் காலத்து ஏட்டில் கிடைக்கிறது? இடையில் எந்த மொழிகளின் வழியாகப் போனது? மூன்றுக்கும் விடை கிடைத்தால் துணிந்து சொல்லுங்கள். கிடைக்காத வரை அதைப் பிள்ளைகளின் பாடநூலில் ஏற்றாதீர்கள்.